முட்டை தடைப்பட்ட பச்சோந்தி



நிலைத்த கொள்கையின்றி வேளைக்கொரு பேச்சுப் பேசுவோனைப் பச்சோந்தி என்று ஏசுவது தமிழர் வழக்கு. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இவ்வுவமை அடிக்கடி அடிபடுகின்றது. ஆயின், மனிதரின் குறையொன்றுக்குத் தன் பெயரைக் கடன்கொடுத்த அச்சிறு பிராணி எவ்வாறு வாழ்கின்றது, எவ்வாறு நோயுற்று மடிகின்றது என்பவற்றைச் சிந்திப்போர் மிகச் சிலரே. மேலைநாடுகளிலே பச்சோந்தியைக் கூட்டில் வைத்துச் செல்லப் பிராணியாக வளர்ப்போர் பலர் உளர். அவ்வாறு வளர்க்கப்படும் பெண் பச்சோந்திகளுக்கு வரும் கொடிய நோய்களுள் ஒன்று, முட்டை தடைப்படுதல் என்பதாகும். வயிறு நிறைய முட்டைகளைத் தாங்கிய தாய், அவற்றை வெளியே இட இயலாமல், சில நாட்களிலே சோர்ந்து இறந்துபோகின்றது. வளர்ப்பவர் அன்பற்றவராயிருப்பதனால் இது நேர்வதில்லை. அப்பிராணியின் இயல்பை அவர் அறியாதிருப்பதனாலேயே பெரும்பாலும் நேர்கின்றது. ஆதலின், இந்நோய் எதனால் வருகின்றது, அதனை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு பராமரிப்பது, எவ்வாறு வராமற் காப்பது என்பவற்றை முறையாக நோக்குதல் பயனுடைத்து.

முதலிற் பச்சோந்தி எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். வேலியிலும் மரத்திலும் தலையை ஆட்டிக்கொண்டு ஓடும் ஓணானையே பலர் பச்சோந்தி என எண்ணுகின்றனர். ஓணானும் கழுத்துச் சிவந்து நிறம் மாறுவதுண்டு. எனினும் அது வேறு இனம். உண்மைப் பச்சோந்தியை அறிதல் எளிது. அதன் உடல் இருபுறமும் தட்டையாக இருக்கும். விரல்கள் இரு பிரிவாக இணைந்து, குறடுபோலக் கிளையைப் பற்றும். கண்கள் இரண்டும் வெவ்வேறு திசைகளிற் சுழலும். எட்ட இருக்கும் பூச்சியை நீண்ட நாவினை எறிந்து கவர்ந்துகொள்ளும். ஓட்டம் அதற்கு வராது. காற்றில் ஆடும் இலைபோல அசைந்து அசைந்தே நடக்கும். இத்தகைய பச்சோந்திகளில் 200க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் ஏறக்குறையப் பாதி மடகஸ்கார்த் தீவில் வாழ்கின்றன.

பச்சோந்தியைப் பற்றிய தவறான எண்ணங்கள் மிகப் பழையன. அது காற்றை உண்டே உயிர்வாழ்கின்றது என உரோம அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அக்கருத்துப் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. சேக்ஸ்பியரும் தமது ஹம்லெற் நாடகத்தில் அதனை எடுத்தாண்டுள்ளார். 1672ஆம் ஆண்டில் மடலேன் த ஸ்குடேரி என்னும் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர், எகிப்திலிருந்து வந்த பச்சோந்திகளைப் பாரிஸ் நகரிலே தம் இல்லத்தில் வளர்த்தார். அவற்றின் கதையை 1688இல் வெளிவந்த நூலொன்றில் எழுதினார். ஆகவே, பச்சோந்தியை வீட்டில் வளர்க்கும் ஆசை புதியதன்று. காற்றுண்டு வாழும் என்ற கதை இன்று மறைந்துவிட்டது. ஆயினும், அப்பிராணிக்கு வேண்டியது எது என்று ஆராயாமல் வளர்க்கப் புகும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.

இக்காலத்தில் மேலைநாட்டு வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவன முக்காட்டுப் பச்சோந்தி என்று சொல்லத்தக்க இனத்தைச் சேர்ந்தவை. தலைமீது முக்காடு இட்டாற்போல உயர்ந்த எலும்புக் கொண்டை இருப்பதால் இப்பெயர் பொருந்தும். இவ்வினத்தின் தாயகம் யேமன் நாடும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியுமாகும். சிறைவாழ்விலும் எளிதில் இனம்பெருகும் இயல்புடையதாதலால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பெருவாரியாக விற்கப்படுகின்றது. கடையில் வாங்கும்போது அது விரலளவு குஞ்சாக இருக்கும். ஆணா பெண்ணா என்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை. இன்னல் தொடங்குவது இங்கேதான்.

பெண் குஞ்சு ஆறு மாதமளவில் முட்டையிடும் பருவத்தை அடையக்கூடும். ஆண் துணையிருந்தாலன்றி முட்டை உண்டாகாது என்று வளர்ப்பவர் நம்பியிருப்பார். இது பெரும் பிழை. சேவலைக் காணாத பேட்டுக்கோழி முட்டையிடுவது போலவே, தனித்து வாழும் பெண் பச்சோந்தியும் கருவற்ற முட்டைகளை உண்டாக்கும். கோழியோ நாளுக்கு ஒரு முட்டையாக இடுகின்றது. பச்சோந்தியோ ஒரே ஈட்டில் 20 முதல் 70 வரையில், சிலவேளை அதனினும் மிகுதியாக, இடுகின்றது. நூறு கிராம் அளவே எடையுள்ள உடலுக்கு இது எத்துணைப் பாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இயற்கையில், முட்டையிடும் காலம் நெருங்கியதும் பெண் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்குகின்றது. வாழ்நாளெல்லாம் கிளைகளிலே திரியும் பிராணி, பகை மலிந்த தரைக்கு வருவது பெரும்பாலும் இத்தேவைக்காகவே. ஈரப்பதமுள்ள மண்ணைத் தேடிக் கால்களால் தோண்டிச் சாய்வான சுரங்கமொன்றை அமைக்கின்றது. உடல் முழுதும் மறையுமளவுக்கு உள்ளே சென்று, பின்பு தலை வாயிலை நோக்கத் திரும்பி முட்டைகளை இடுகின்றது. அதன்பின் மண்ணை இழுத்து மூடி, மேலே நடந்து அமுக்கிவிட்டு மரமேறுகின்றது. கருவுற்ற முட்டையாயின் ஆறு மாதங்களுக்கு மேல் மண்ணிற் கிடந்தே குஞ்சு வெளிவரும். தோண்டும்போது யாரேனும் பார்ப்பதை உணர்ந்தால் தாய் வேலையை நடுவில் விட்டு அகன்றுவிடுவதுண்டு.

இத்தகைய இயல்புடைய பிராணியைக் கம்பி வலையும் கிளையும் வெறுந்தரையும் மாத்திரமுள்ள கூட்டிலே வைத்தால் என்னாகும்? காலம் வந்ததும் அது தரையில் இறங்கி மூலைகளைப் பிறாண்டுகின்றது. மண் கிடைப்பதில்லை. சில பச்சோந்திகள் வேறு வழியின்றித் தரையிலே அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்டைகளைச் சிந்துகின்றன. வேறு சில, இடம் கிடைக்கும் எனக் காத்து முட்டைகளை அடக்கிக்கொள்கின்றன. நாட்கள் கழிகின்றன, உடல் தளர்கின்றது. பின்னர் மண் கிடைத்தாலும் தோண்டும் வலிமை இருப்பதில்லை. முட்டை தடைப்படுவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

பிற காரணங்களும் உள. தசைகள் சுருங்கி முட்டையைத் தள்ளுவதற்குக் கல்சியம் இன்றியமையாதது. முட்டையின் ஓட்டுக்கும் அதுவே வேண்டும். உணவாகக் கொடுக்கும் வெட்டுக்கிளி, கரப்பான் முதலியவற்றிலே கல்சியம் மிகக் குறைவு. ஆதலாற் பூச்சிகள்மீது கல்சியத் தூளைத் தூவிக் கொடுத்தல் வேண்டும். கொடுத்த கல்சியத்தை உடல் ஏற்பதற்கு விற்றமின் டி வேண்டும். அதனைத் தோல் ஆக்கிக்கொள்வதற்குச் சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர் வேண்டும். யன்னற் கண்ணாடியினூடாக வரும் வெயிலில் அக்கதிர் தடுக்கப்பட்டுவிடும். அவ்வெயிலிற் கூட்டை வைப்பதாற் பயனில்லை. நேர்வெயில் அல்லது அதற்கென அமைந்த விளக்கு வேண்டும். தண்ணீர்க் குறைவும், அளவுக்கு மிஞ்சிய தீனியாற் கொழுத்தலும், உருக்கெட்ட பெரிய முட்டையும், சத்துக்குறைவால் வளைந்துபோன இடுப்பெலும்பும், உள்ளுறுப்பிற் கிருமி தொற்றுதலும் இந்நோய்க்கு வழிகோலும்.

நோயில் இருவகை உண்டு. முட்டை முழுவுருப் பெற்று, ஓடும் அமைந்து, முட்டைக் குழாயினுள்ளே தங்கிவிடுதல் ஒரு வகை. சூலகத்திலே மஞ்சட்கருக்கள் திரண்டு, குழாய்க்குள் இறங்காமலும் உடலிற் கரையாமலும் அங்கேயே நின்றுவிடுதல் மற்றொரு வகை. முந்தியதற்குச் சிலவேளை மருந்து உதவும்; பிந்தியதற்கு மண்ணும் மருந்தும் பெரும்பாலும் உதவா. இரண்டையும் வெளியே பார்த்துப் பிரித்தறிதல் வீட்டார்க்கு அரிது. இதனாலேயே வைத்தியரின் துணை வேண்டப்படுகின்றது.

இனி, நோயை இனங்காணும் வகையை நோக்குவோம். முட்டையிட இருக்கும் ஆரோக்கியமான பச்சோந்தியும் சில நாட்களுக்கு உணவை விலக்கும். வயிறு பருத்துக் காணப்படும். அமைதியின்றிக் கூடெங்கும் அலையும். முக்காட்டுப் பச்சோந்தியாயின், கரும்பச்சை மேனியில் மஞ்சளும் நீலமுமான புள்ளிகள் விளங்கும். ஆணை அணுகவிடாத நிலையை அறிவிக்கும் கோலம் அது. பச்சோந்தியின் நிறம் சூழலோடு ஒத்துப்போவதற்காகவே மாறுகின்றது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது பெரிதும் தன் இனத்தோடு பேசும் மொழியாகும். தோலினுள்ளிருக்கும் நுண்ணிய பளிங்குகளின் இடைவெளி மாறுவதனால் நிறம் மாறுகின்றது என்பதை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் எடுத்துக்காட்டினர்.

ஆகவே, உண்ணாமையும் அலைச்சலும் மாத்திரம் நோயின் அறிகுறியாகா. அலைந்து திரிந்த பச்சோந்தி திடீரென ஓய்ந்து, பகற்பொழுதிலே கண்மூடியிருக்குமாயின் அதுவே ஆபத்தின் அறிவிப்பு. கண்கள் குழிவிழுதல், பிடி தளர்ந்து கிளையினின்று விழுதல், தரையிலே படுத்துக்கிடத்தல், முக்கியும் முட்டை வராமை, ஓரிரு முட்டைகளை இட்டுவிட்டு நிறுத்திவிடுதல் ஆகியனவும் அவ்வாறே. எச்சத்தோடு வரும் வெண்பகுதி ஆழ்ந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் உடலில் நீர் வற்றியுள்ளது என அறியலாம். பச்சோந்தி தன் நோயை மறைக்கும் பிராணி. காட்டில் நோயைக் காட்டுவது பகைவனை அழைப்பதாகும். எனவே, அது பகலிற் கண்மூடும் நிலைக்கு வரும்போது நோய் முற்றிவிட்டதென்றே கொள்ளல் வேண்டும்.

வீட்டிலே செய்யத்தக்கது யாது? இன்னும் வலிமையோடிருக்கும் பச்சோந்திக்கு உடனே தோண்டுவதற்கு மண் கொடுத்தல் வேண்டும். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் கொள்ளத்தக்க தொட்டியோ வாளியோ போதும். நச்சு மருந்தும் உரமும் கலவாத மணலையும் மண்ணையும் சேர்த்து நிரப்பி, நீர் தெளித்துப் பிசைதல் வேண்டும். விரலால் துளையிட்டால் அத்துளை இடிந்துவிழாமல் நிற்கவேண்டும், சேறாகவும் இருத்தலாகாது. கூட்டின் பக்கங்களைத் துணியால் மறைத்து, பிள்ளைகளும் நாய் பூனைகளும் அணுகாமற் காத்தல் வேண்டும். தோண்டத் தொடங்கிய பின் எட்டிப்பார்க்கும் ஆவலை அடக்குதல் வேண்டும். ஒரு நாளில் முடிவதுமுண்டு. இரண்டு மூன்று நாட்கள் செல்வதுமுண்டு. இரவிலே சுரங்கத்துள் தங்கினாலும் தூக்கி எடுத்தலாகாது. குழியைத் தானே மூடிவிட்டு மேலேறும்வரை வேலை முடியவில்லை என்க.

தண்ணீரும் முக்கியமானது. பச்சோந்தி கிண்ணத்திலே நீர் அருந்தும் பழக்கமுடையதன்று. இலைமேல் நிற்கும் துளிகளையே நக்கும். ஆதலின், இலைகளிலே நீரை மெல்லத் தெளித்தும், துளித்துளியாகச் சொட்டவிட்டும் அருந்தச்செய்தல் வேண்டும். வெயில்காயும் இடத்தின் வெப்பமும் குறைந்துவிடாதிருத்தல் வேண்டும். உடல் குளிர்ந்தால் தசைகள் இயங்கா.

செய்யத்தகாதனவும் உள. வயிற்றை அமுக்கி முட்டையைப் பிதுக்க முயலுதல் கொலைக்கு ஒப்பாகும். முட்டை உள்ளே உடைந்து, கரு வயிற்றறையிற் பரவி அழற்சியை உண்டாக்கும். எண்ணெய் புகட்டுதல், மனிதருக்குரிய மருந்தைக் கணக்கின்றிக் கொடுத்தல், வெந்நீரில் முக்குதல், ஓயாமற் கையிலே எடுத்துத் தடவுதல் ஆகியவற்றை விலக்குதல் வேண்டும். நாயும் பூனையும் தடவலை அன்பென்று உணரும். பச்சோந்திக்கோ அது பிடிபட்ட அச்சத்தையே தரும்.

மண் கொடுத்தும் தோண்டாமல் ஓய்ந்திருந்தாலும், முன்னர்க் கூறிய ஆபத்தின் அறிகுறிகள் தோன்றினாலும், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். அதிலும் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகியவரை நாடுவது நன்று. காற்றோட்டமுள்ள சிறு பெட்டியில், பற்றிக்கொள்ள ஒரு கொம்பும் வைத்து, இருளாக்கி எடுத்துச்செல்லலாம். கடைசியாக உண்ட நாள், உடலின் எடை, எச்சத்தின் நிறம், கொடுத்த தூள், பயன்படுத்திய விளக்கு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போனால் வைத்தியர் காரணத்தை அறிவது எளிதாகும்.

வைத்தியர் எக்ஸ் கதிர்ப் படத்தாலும் ஒலியலைப் படத்தாலும் முட்டைகளின் நிலையை அறிவார். முதலில் உடலில் வற்றிய நீரை ஈடுசெய்வார். கல்சியம் குறைந்திருப்பின் அதனை ஊசிமூலம் கொடுப்பார். வழியிலே தடையில்லை எனக் கண்டால், தசையைச் சுருங்கச்செய்யும் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனை ஏற்றுவார். இம்மருந்து ஆமைகளில் நல்ல பயன் தருகின்றது. பல்லி இனங்களிலே அத்துணை உறுதியாகப் பயன் தருவதில்லை. தடையிருக்கும்போது கொடுத்தால் முட்டைக் குழாய் கிழிந்துவிடவும் கூடும். மருந்து பயனளிக்காதபோது சத்திரசிகிச்சையே எஞ்சும் வழியாகும். பிராணியை மயக்கி, வயிற்றைத் திறந்து, முட்டைகளையும் குழாய்களையும் சூலகங்களையும் சேர்த்தே பெரும்பாலும் அகற்றுவர். அதன்பின் இந்நோய் மீண்டும் வராது. ஊர்வனவற்றின் தோல் மெதுவாகவே ஆறுமாதலால் தையல் பல வாரங்கள் இருக்கும்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகின்றது. கடையிலே கொடுத்த விலையிலும் சத்திரசிகிச்சையின் செலவு பன்மடங்கு மிகும். முற்றிய நோயில் பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. இது போனால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாமே என்பாரும் உளர். விலையைக் கொண்டு பார்த்தால் அவ்வாதம் சரியெனவே தோன்றும். ஆயின், தன் கால்களால் மண்ணைத் தேடிச்செல்லும் உரிமையைப் பறித்துக் கூட்டிலே அடைத்தவர், அம்மண்ணைக் கொடாத குறைக்குப் பொறுப்பாளியாகின்றார். வலியிலே கிடக்கும் உயிரைப் பார்த்துக்கொண்டு காலம் கடத்துதல் எவ்வகையிலும் முறையன்று. சிகிச்சை செய்ய இயலாதெனின், வைத்தியரின் கையால் நோவின்றி முடிவுறச் செய்தலாயினும் அப்பொறுப்பின் பாற்பட்டதே. கூண்டு வாங்குமுன்னரே இதனையும் கணக்கிட்டுப் பார்ப்பவரே வளர்க்கத் தகுந்தவர்.

நல்லவேளையாக, இந்நோயைப் பெரும்பாலும் வராமற் காக்க இயலும். பெண் பச்சோந்தி பருவமடையுமுன்னரே மண்தொட்டியைக் கூட்டினுள் வைத்துவிடுதல் முதற்காப்பு. அடுத்தது, தீனியை அளவுபடுத்தல். வளர்ந்துவிட்ட பெண்ணுக்கு நாள்தோறும் வயிறு முட்டக் கொடாமல், ஒன்றுவிட்ட ஒருநாள் சில பூச்சிகளே கொடுத்து, வெயில்காயும் இடத்தின் வெப்பத்தை 27 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருந்தால், முட்டைகளின் தொகை குறைகின்றது என்பது வளர்ப்பவர் பலரின் அனுபவம். செழித்த காலத்திலே மிகுதியாகப் பெருகுவது அதன் உடலின் இயல்பு. அன்பு மிகுந்து ஊட்டுவோர், தாம் அறியாமலே முட்டைப் பாரத்தையும் ஏற்றிவிடுகின்றனர். முட்டையிட்டு முடிந்த பின்னரோ, மெலிந்த உடல் தேறுமட்டும் சில நாட்களுக்கு நீரும் உணவும் தாராளமாகக் கொடுத்து, பின்பு பழைய அளவுக்குத் திரும்புதல் வேண்டும். முன்னும் பின்னும் எடைபார்த்துக் குறித்துவைத்தால், உள்ளே முட்டை எஞ்சியுள்ளதோ என்று ஐயுறுவதற்கும் அது துணைசெய்யும்.

வளர்க்க இயலாமற் காட்டிலே விட்டுவிடுதலும் தீர்வாகாது. அவ்வாறு விடப்பட்டும் தப்பியும் சென்ற முக்காட்டுப் பச்சோந்திகள் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் பெருகி, அங்குள்ள சிற்றுயிர்களுக்குத் தொல்லையாகியுள்ளன.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்தி என்று ஒதுக்குவதற்கில்லை. இலங்கைக்கும் சொந்தமான ஒரு பச்சோந்தி இனம் உண்டு. 1768இல் லோரன்றி என்னும் ஆஸ்திரிய அறிஞர் அதற்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். இந்தியாவிலும் வாழும் இவ்வினம், இங்கே மன்னார், புத்தளம் முதலான உலர்ந்த பகுதிகளிலே பற்றைகளிலும் மரங்களிலும் காணப்படுகின்றது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இதற்குக் காப்பளிக்கின்றன. பிடித்து வளர்ப்பது குற்றமாகும். இதன் பெண்ணும் முட்டையிட மண்ணையே நாடி இறங்குகின்றது. பாதையோரத்திலே பருத்த வயிற்றுடன் ஒரு பச்சோந்தி தயங்கித் தயங்கி நடக்கக் காண்பவர், அதனைக் கல்லெறிந்து துரத்தவும் வேண்டாம். விளையாட்டாகப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அது தன் முட்டைகளுக்கு இடந்தேடும் தாயாக இருக்கக்கூடும். வாகனம் வரும் வழியிலே கிடந்தால், ஒரு தடியைப் பற்றச்செய்து, அது சென்றுகொண்டிருந்த திசையிலே ஓரமாக விட்டு அகன்றுவிட்டாற் போதும். அதற்கு வேண்டியது தோண்டுவதற்குச் சிறிது ஈரமண்ணும், யாரும் பாராத தனிமையுமே. கூட்டில் வளர்ப்பவரும் காட்டிற் காண்பவரும் இவ்விரண்டையும் அதற்கு விட்டுக்கொடுப்பார்களாக.